தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

கே: கத்திரி வெயிலில் நாங்கள் வெந்துகொண்டிருக்கிறோம். எண்பதைத் தொடும் மாமனார் 'ஃபேனை நிறுத்து, குளிருது' என்கிறார். பிடிவாதமா?
– வேலூர் வாசகி

ப: பிடிவாதமில்லை, வயது. தசை குறையக் குறைய உடலுக்குள் உண்டாகும் சூடும் குறையும். தோலுக்கடியில் கொழுப்பு மெலிவதால் இருக்கிற சூடும் தங்காது. ஃபேனை அவர்மேல் படாமல் திருப்பி வையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அவருக்குக் குளிர்ந்தாலும் அறையின் வெக்கை அவரையும் தாக்கும்.

கே: அப்பாவுக்கு வியர்ப்பதே இல்லை. 'நல்ல உடம்பு' என்று பெருமைப்படுகிறார்.
– மதுரை வாசகர்

ப: அது கவனிக்க வேண்டிய அறிகுறி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். முதுமையில் வியர்வை தாமதமாகத் தொடங்கும், குறைவாகவே சுரக்கும். தோலுக்கு வரும் ரத்தமும் குறைவதால் உள்சூடு வெளியேற வழியில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸின் வெப்ப அலை பலிகொண்ட சுமார் 15,000 பேரில் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள்.

கே: 'தாகமெடுத்தா குடிக்கமாட்டேனா?' என்கிறார் பாட்டி. நியாயம்தானே?
– திருச்சி வாசகி

ப: தாகம் எடுத்தால்தானே! 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் 67 முதல் 75 வயதுவரையான ஆரோக்கியமான ஆண்களும் இளைஞர்களும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் குடிக்கவிட்டபோது, பெரியவர்களுக்குத் தாகமும் குறைவு, குடித்ததும் குறைவு. 'வேணுமா?' என்று கேட்காமல் மோர் டம்ளரைக் கையில் கொடுங்கள். இதய, சிறுநீரக நோய் இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும்.

கே: தாத்தா துவண்டு கிடக்கிறார். ஆனால் தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. காத்திருக்கலாமா?
– சேலம் வாசகர்

ப: கூடாது. முதுமையில் கடும் தொற்றிலும் காய்ச்சல் ஏறாமல் போகலாம். திடீர்க் குழப்பம், சாப்பாடு இறங்காமை, நிற்க முடியாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: மாத்திரைக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஈரோடு வாசகி

ப: உண்டு. நீர் பிரியும் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும். சில அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

கே: அம்மா ஊரில் தனியாக. நான் தொலைவில். என்ன செய்ய?
– சென்னை வாசகர்

ப: மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்யுங்கள். 'எப்படி இருக்கே?' என்றால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார். 'கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சே?' என்று கேளுங்கள். பேச்சு குழறினால் பக்கத்து வீட்டாரை அனுப்பி, 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறச் சொல்லுங்கள். பெரியவர்களின் உடல் தாமதமாகத்தான் எச்சரிக்கும். நாம் முந்திக்கொள்ள வேண்டும்.