ஏரி வலம்: குடும்ப நடை குறித்த ஓர் ஐந்திணை ஆராய்ச்சி

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள், “சும்மா ஒரு ரவுண்டு நடந்துட்டு வருவோம்” என்று பெரியப்பா அறிவித்த கணத்தில் தொடங்கி, வேன் கதவு சாத்தப்படும் கணத்தில் முடிகிறது. ஆய்வுக் களம் கொடைக்கானல் ஏரி. ஆய்வின் அலகு குடும்பம். அதாவது, மதுரைப் பக்கத்திலிருந்து ஒரே வேனில் ஏறி வரும் மூன்று தலைமுறைக் கூட்டம். தேனிலவுத் தம்பதியர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாதாகையால் தரவு தேறாது. காலையில் டிராக் சூட் போட்டு ஓடுகிறவர்களும் விலக்கு. அவர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. நிற்காத கூட்டத்தைக் குடும்பம் என்று சொல்ல இலக்கண வழி இல்லை.

முதற்பொருளைப் பார்ப்போம். ஏரி இயற்கையானதன்று. மதுரையில் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. 60 ஏக்கர் நீரை வட்டமாக நிறுத்தியிருந்தால் அதன் சுற்றளவு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான் வரும். மீதி மூன்றே கால் கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஏரி நட்சத்திர வடிவில் இருப்பதால் வந்தது. மலை இடுக்குகளுக்குள் நீர் கைகளை நீட்டியிருக்கிறது. சாலையும் அந்தக் கை ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் திரும்புகிறது. ஆகவே அப்பத்தாவின் மூட்டுவலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பள்ளத்தாக்கின் வடிவத்தால் வருவது. லெவிஞ்ச் துரையை நொந்து பயனில்லை. அவர் கரையைத்தான் கட்டினார், மலையைக் கட்டவில்லை.

இவ்வடிவத்திலிருந்து பிறப்பது ‘அதோ’ கோட்பாடு. நீரின் ஒரு கைக்கு இப்புறம் நிற்பவர், அப்புறம் நடப்பவர்களின் ஸ்வெட்டர் நிறத்தைக்கூடச் சொல்லிவிடலாம். “அதோ, அந்த மரம் வரைக்கும்தான்” என்கிறார் பெரியப்பா. அவர் சொல்வது பொய்யன்று. பார்வை நீரின்மேல் போகிறது. கால் சாலைமேல் போகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவர்கள் இரண்டாவது ‘அதோ’விலேயே கண்டுகொள்கிறார்கள். பெரியப்பா கடைசிவரை கண்டுகொள்வதில்லை. வழிகாட்டும் பொறுப்பு ஏன் எப்போதும் அவரிடமே இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி உரிப்பொருள். மலைமேல் நீர் நிற்பதால் நிலம் மயங்கிவிட்டது என்று யாரேனும் வாதிடலாம். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பியர் தீர்ப்பு. இங்கே நிலம் ஐயமற்ற குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் இம்மலையில் பூத்தது. ஆனால் ஒழுக்கமோ ஐந்தும் வந்துவிடுகின்றன, அதுவும் ஒரே பிற்பகலில்.

புணர்தல், அதாவது எல்லாரும் ஓரிடத்தில் சேர்ந்திருத்தல், படகுத்துறை அருகே குழுப்படம் எடுக்கும்போது மட்டும் நிகழ்கிறது. படம் எடுக்கும் சித்தப்பா அதில் இல்லை என்பதால் அதுவும் முழுமையன்று. அடுத்து பாலை. பிள்ளைகள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு பிரிந்து போகிறார்கள். சங்கத் தலைவன் பிரிந்தால் போன வழியே திரும்புவான். ஏரிப் பாலையிலோ பிரிந்தவர்கள் முன்னால் போய், முழுச் சுற்று முடித்து, பின்னாலிருந்து வந்து மணியடிக்கிறார்கள். தாயின் அலறல் இவ்விடத்து மெய்ப்பாடு.

முல்லைக்குரிய இருத்தல்தான் இவ்வாய்வின் உயிர்நிலை. சுற்றில் எங்கோ ஓரிடத்தில், ஒரு சிமெண்டு பெஞ்சைப் பார்த்ததும், “நீங்க போய்ட்டு வாங்கடா, நான் இங்கனயே இருக்கேன்” என்கிறார் அப்பத்தா. கேட்பவருக்கு இது விட்டுக்கொடுத்தலாகத் தோன்றும். கணக்குப்படி இது ஆட்சி. நேர்ப்பாதையாக இருந்தால் போனவர்கள் எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். சுற்றுப்பாதையில் அப்பத்தாவை அழைத்துப்போக, ஒன்று முழுச் சுற்றும் முடித்து மறுபடி பெஞ்சு வரை நடக்க வேண்டும். அல்லது வேனைக் கொண்டுவர வேண்டும். வேன் டிரைவர் அப்போது போனை எடுப்பதில்லை. ஆக, எதுவும் செய்யாமல் உட்கார்ந்த ஒருவர் நடக்கிற அத்தனை பேரின் பயணத்தையும் தீர்மானித்துவிடுகிறார்.

ஊடலைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. “அப்பவே சொன்னேன், போட்டுலயே போயிருக்கலாம்னு” என்ற பெரியம்மாவின் ஒற்றை வாக்கியத்தில் மருதம் முழுதும் அடங்கும். இரங்கல் வண்டி நிறுத்துமிடத்தில் நிகழும்: கேரட் வாங்கவில்லையே, தைலம் வாங்கவில்லையே.

கருப்பொருள்களுள் உணா: சுட்ட மக்காச்சோளம், மிளகாய் பஜ்ஜி, பிரட் ஆம்லெட். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரை வேனிலேயே இருக்கிறது. யாரும் நினைவுபடுத்துவதில்லை, கட்டிக்கொடுத்த அத்தையைத் தவிர. விலங்கு: வாடகைக் குதிரை. இன்னொரு பொருளும் குறிக்கத்தக்கது. கீழே மதுரையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே உப்பி நிற்கும். சுமார் 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. அதே காரணத்தால் டீக்கடைத் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. “டீ சூடே இல்லையேப்பா” என்ற தாத்தாவின் முறையீட்டுக்கு இயற்பியலில் ஓரளவு ஆதாரம் உண்டு. கடைக்காரர் அதை ஏற்கவில்லை.

இப்போது மையக் கேள்விக்கு வருகிறேன். இதே குடும்பம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறது. செருப்பில்லாமல், இரவில், கூட்டத்தில் வருகிறது. அப்பத்தாவும் வருகிறார். கால் வலிக்கிறது என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் மிஞ்சும் இந்த ஏரிப்பாதை, ஷூ போட்டு, குளிர்காற்றில், பஜ்ஜியோடு நடந்தும் ஏன் மலைக்க வைக்கிறது? என் முடிபு: ஏரிக்குப் பலன் சொல்லப்படவில்லை. வேண்டுதல் இருந்தால் நடையை நடுவில் நிறுத்த முடியாது. ஓய்வுக்காக நடக்கும்போதோ ஒவ்வொரு பெஞ்சும் ஒரு கேள்வி கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் குடும்பத்தில் எட்டுப் பதில்கள் இருக்கின்றன. 2024 மே 7 முதல் கொடைக்கானல் மலையேற இ-பாஸ் வேண்டும். அதில் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். எத்தனை கருத்து என்று கேட்பதில்லை.

பின் குடும்பங்கள் எப்படித்தான் சுற்றி முடிக்கின்றன? பாசத்தால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் காரணம் வடிவியல். எந்தச் சுற்றுப்பாதையிலும் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதே கிட்டம். தாண்டினோமா இல்லையா என்பது யாருக்கும் தெரிவதில்லை. பெரியம்மா பாதிகூட வரவில்லை என்கிறார். பெரியப்பா முக்கால்வாசி முடிந்தது என்கிறார். இந்த வழக்கு ஓயாததால் கால்களும் ஓய்வதில்லை. வாதாடிக்கொண்டே நடந்து, வாதம் தீருமுன் படகுத்துறை வந்துவிடுகிறது. குடும்பத்தை ஏரியைச் சுற்றி இழுத்துப்போவது இந்த அறியாமை ஒன்றே.

ஆகவே, ஏரிச் சாலையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பூச்செடி வையுங்கள், விளக்குப் போடுங்கள், கழிப்பறைகளைக் கூட்டுங்கள். ஆனால் இரண்டரையாவது கிலோமீட்டரில் மட்டும் தயவுசெய்து கல் நட்டுவிடாதீர்கள்.