டிசம்பர் 31 வயது: எளாவூர் வட்டாரத்தில் நடுவயது டிரையத்லான் குறித்த ஓர் ஆய்வு

கடன்காரர் துரத்தவில்லை, காவல்துறை தேடவில்லை. ஆனாலும் நாற்பதைத் தாண்டிய ஒரு குடும்பஸ்தர் விடிவதற்கு முன் எழுந்து நீந்துகிறார், பிறகு சைக்கிள் மிதிக்கிறார், அதுவும் போதாமல் ஓடுகிறார். ஏன்? இந்த வினாவைக் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எவரும் முறைப்படி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எளாவூர் டீக்கடைகளில் இதற்குக் "கொழுப்பு" என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கிறது. உடலியல் நோக்கில் அது முழுக்கத் தவறல்ல என்றாலும் ஆய்வேட்டுக்குப் போதாது.

முதலில் வரையறை. முழுத்தூர டிரையத்லான் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், அடுத்தடுத்து, வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தவருக்கு 'அயர்ன்மேன்' பட்டம். இந்த 17 மணி நேரம் வெளியூர் அறிஞர்களை மிரட்டலாம். சிப்காட் தொழிற்பேட்டையை அறிந்தவர்களை மிரட்டாது. பி ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஆள் வரவில்லை என்று நைட்டும் சேர்த்துப் பார்த்தால் 16 மணி நேரம். கம்பெனி பஸ் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொரு மணி. ஆக, டபுள் டூட்டி பார்த்தவர் எவரும் கால அளவில் இரும்பு மனிதரே. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே ஓ.டி. பணம் வரும், இங்கே நுழைவுக் கட்டணம் நாம் கட்ட வேண்டும்.

இந்தப் போட்டி பிறந்த கதையும் எளாவூராருக்கு அந்நியமாகப் படாது. ஹவாயில், ஓட்டக்காரர்கள் கூடியிருந்த ஒரு பரிசளிப்பு விழாவில், யார் உடம்பு அதிக உறுதி என்று வாக்குவாதம் வந்தது. ஓடுகிறவனா, நீந்துகிறவனா, சைக்கிள்காரனா? நம்மூரில் இப்படிப்பட்ட விவாதம் இரண்டாவது டீயோடு முடிந்துவிடும். அங்கே ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, ஏற்கெனவே அந்தத் தீவில் தனித்தனியாக இருந்த மூன்று பந்தய தூரங்களையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தியே பார்த்துவிடலாம் என்றார். மனைவி ஜூடியும் தடுக்கவில்லை. உடன் நின்று நடத்தினார். (குடும்ப வரலாற்றில் இது அரிய நிகழ்வு. தனி ஆய்வுக்கு உரியது.) 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 12 மணி நேரம்கூட ஆகவில்லை. யோசனை சொன்ன காலின்ஸ் சுமார் 17 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். இருபது வயதுக்காரனுக்கு இப்படியொரு யோசனை தோன்றாது. அவனுக்கு நிரூபிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன.

தமிழ் மரபில் முன்னோடிகள் உண்டா? நீச்சலில் உண்டு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தார். ஆனால் கரையேறியதும் அவர் சைக்கிளைத் தேடியதாகக் குறிப்பு இல்லை. குற்றாலீஸ்வரன் 1994-இல் அதே நீரிணையை 12 வயதில் கடந்தார். நம் ஆய்வு எல்லைக்கு முப்பது ஆண்டுகள் முந்திக்கொண்டதால் அவர் விலக்கப்படுகிறார். ஓட்டத்தில் மா. சுப்பிரமணியன் இருக்கிறார். ஐம்பதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி, அமைச்சரான பின்னும் விடாமல், நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். மூன்றையும் சேர்த்துச் செய்த பிரபலம் வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும்: நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பதைத் தொடவிருந்த 2015-இல் சூரிச்சில் 15 மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்து முடித்தார். 2019 முதல் கோவாவிலேயே பாதித்தூரப் போட்டி நடக்கத் தொடங்கியது. அதன் பிறகு நடுவயது ஆண்களின் வாட்ஸ்அப் முகப்புப் படங்களில் ஈரத்தலை பெருகியிருப்பது கண்கூடு.

இனி கள ஆய்வு. எளாவூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்குளம் தாண்டினால் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 3.8 கி.மீ. நீச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான நீர்ப்பரப்பு வரைபடத்தில் கிடைக்காது. நேரில் போனால்தான் சிக்கல் தெரியும்: சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. இங்கே மூழ்குவது கடினம். நீந்துவது அதைவிடக் கடினம். கையை வீசினால் சேறு, காலை உதைத்தால் யாரோ கட்டிய வலை. இந்த ஏரியின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்டது பூநாரை ஒன்றுதான். அது நிற்கிறது.

மாற்று வழி பம்புசெட் கிணறு. 6 மீட்டர் அகலக் கிணற்றில் 3.8 கி.மீ. முடிக்கக் குறுக்கே 633 முறைக்கு மேல் கடக்க வேண்டும். தலைசுற்றல் குறித்த தரவு நம்மிடம் இல்லை. மோட்டார் போடுகிற நேரமாக இருந்தால் நீச்சல் வீரர் தானாகவே ஓட்டப் பிரிவுக்கு மாறிவிடுவார்.

சைக்கிளுக்கு எளாவூரை விட்டால் ஊர் கிடையாது. கொல்கத்தா நெடுஞ்சாலை வாசலில் கிடக்கிறது, மேடு பள்ளம் இல்லாமல். ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று கூடூர்ப் பக்கம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 180 கி.மீ. கணக்கு முடிந்தது. சூளூர்ப்பேட்டையில் வலப்புறம் ஸ்ரீஹரிகோட்டா சாலை பிரிகிறது. கிராம் கிராமாக எடையைக் குறைக்க லட்சம் லட்சமாகச் செலவழிக்கும் கலையில் அங்கிருக்கும் ராக்கெட்காரர்களும் நம் சைக்கிள்காரரும் ஒரே குலம். ஆனால் தடை சமூகவியல் சார்ந்தது. நாற்பத்தைந்து வயதில் சைக்கிளில் போகிறவரை ஊர் ஒரே கண்ணோட்டத்தில்தான் பார்க்கும்.

"இன்னா சார், வண்டிய பைனான்ஸ்காரன் தூக்கினு பூட்டானா?"

மோட்டார் பைக்கை விட இந்தச் சைக்கிள் விலை அதிகம் என்று விளக்கினால் நிலைமை மோசமாகும். கேட்டவர் உண்மையான பரிவோடு, "வூட்ல தெரியுமா?" என்பார். பெரும்பாலும் தெரியாது.

எளாவூர் சோதனைச் சாவடியையும் ஒரு சிந்தனைப் பரிசோதனையாகக் கருதிப் பார்க்கலாம். ஆந்திரத்திலிருந்து கஞ்சா வருகிறதா என்று இரவு பகலாக வண்டிகளைத் தடவிப் பார்க்கும் இடம். விடிகாலையில், உடம்போடு ஒட்டிய உடையில், முதுகுப் பையில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெள்ளைப் பொடியோடு ஒருவர் வடக்கிலிருந்து வேகமாக வருகிறார். அது வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டும் பொடி என்பதை அந்தப் பொழுதில் யாராலும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

உணவியல் குறித்தும் ஒரு கணக்கு. நெடுந்தூரப் போட்டியாளர் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் பொது அறிவுரை. ஓர் இட்லியில் சுமார் 10 கிராம் எனக் கொண்டால் மணிக்கு 6 முதல் 9 இட்லி. நீந்தும்போது சாப்பிட இயலாது. அந்த நேரத்தைக் கழித்து 13 மணி நேரம் எனக் கொண்டால் 78 முதல் 117 இட்லி. சட்னி கணக்கில் சேராது. பிசுபிசுத்த ஜெல் பாக்கெட்டை மேனாட்டார் கண்டுபிடித்ததற்கு அவர்களிடம் இட்லி இல்லாததைவிட, இட்லிச் சட்டியைச் சைக்கிளில் கட்ட முடியாததே காரணமாக இருக்கலாம்.

இவையெல்லாம் புறச் சான்றுகள். அகச் சான்று போட்டி விதிகளில் இருக்கிறது. டிரையத்லானில் அனைவரும் ஒரே கூட்டமாக மதிப்பிடப்படுவதில்லை. 40–44, 45–49 என ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள். பந்தய ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுவே வயது. நாற்பத்து நான்கில் பிரிவிலேயே மூத்தவராகத் திணறியவர், மறு ஆண்டு அடுத்த பிரிவின் கைக்குழந்தை. அலுவலகத்திலும், கல்யாண வீட்டிலும், தலைச்சாயக் கடையிலும் வயதைக் குறைத்துச் சொன்ன அதே மனிதர் இங்கே மட்டும் பிறந்தநாளைப் பதவி உயர்வு போல எதிர்பார்க்கிறார். இதற்குச் சிறந்த உதாரணம் அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர். நாற்பத்தெட்டு வயதளவில் ஓடத் தொடங்கி, 2012-இல், 82 வயதில் முழுத்தூரத்தை முடித்தார். அவர் வயதுக்கேற்ப அமைப்பாளர்கள் புதுப்புதுப் பிரிவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. பிரிவில் அவர் ஒருவரே இருந்தால் முடித்தாலே முதலிடம். எனவே இந்த ஆய்வின் மையக் கருதுகோள்: நடுவயதில் டிரையத்லானில் சேர்கிறவர் வேகத்துக்காகச் சேரவில்லை, வரிசையில் துண்டு போட்டு வைக்கிறார். சக போட்டியாளர்களின் முழங்கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும் வரை காத்திருப்பதுதான் நீண்டகாலத் திட்டம்.

இங்கேதான் எளாவூர் உலக ஆய்வுக்குத் தன் பங்கை அளிக்கிறது. இவ்வட்டாரத்தில் இன்று ஐம்பதை நெருங்குகிற பலருடைய பிறந்த தேதியைத் தாய் முடிவு செய்யவில்லை, தலைமையாசிரியர் முடிவு செய்தார். வலக்கையைத் தலைக்கு மேல் சுற்றி இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி எழுதப்படும். கை நீளமான பிள்ளைகள் மூன்றரை வயதிலேயே காதைத் தொட்டு, ஆவணப்படி ஒன்றரை ஆண்டு மூத்தவர்களாகிவிட்டார்கள். அதன் விலையை அவர்கள் கடைசியில் கொடுக்கிறார்கள்: 58-இல் ஓய்வு என்றால் உண்மையில் ஐம்பத்தாறரையிலேயே கம்பெனி கேட்டுக்கு வெளியே. ஒன்றரை ஆண்டுச் சம்பளம் காதோடு போயிற்று.

டிரையத்லான் இதைத் திருப்பித் தருகிறது. பாஸ்போர்ட்டில் 45, உடம்பில் நாற்பத்து மூன்றரை. அடுத்த பிரிவுக்குள் சட்டப்படி, ஒன்றரை ஆண்டு முன்னதாக, யாரையும் ஏமாற்றாமல் நுழைகிறார். போதாததற்கு, அன்று காதைத் தொட்ட அந்த நீளமான கை நீச்சலுக்கும் உகந்தது என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம் பக்கமிருந்து இத்தகுதி உடையோர் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் கண்டறியலாம். அவர்களுக்கு நீச்சல் தெரியுமா என்ற கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.