ஐந்தாம் முறை வாங்கப்படும் அதே பாட்டு

ஒருமுறை பாடப்பட்ட பாட்டைப் பலமுறை விற்பதற்கு இசைத்தட்டு வணிகம் கண்ட வழிகளுள் மிகவும் கண்ணியமானது ரீமாஸ்டர் எனப்படும் மறுமெருகுப் பதிப்பே ஆகும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எழும் ஒலி முதலில் மூலநாடாவில் இறங்குகிறது. அதன் ஒலியளவையும், தாழ்ந்த ஒலிகளுக்கும் கீச்சொலிகளுக்கும் இடையிலான விகிதத்தையும் சீர்செய்து, தட்டாகவோ குறுந்தகடாகவோ அச்சிடத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் இறுதிப் பணி மாஸ்டரிங் எனப்படுகிறது. அதே பணியைப் பல ஆண்டுகள் கழித்து, புதிய கருவிகளைக் கொண்டு, பெரும்பாலும் வேறொருவர் மீண்டும் செய்வது ரீமாஸ்டரிங். பாடியவரும் வாசித்தவரும் காலமான பின்னரும் பாட்டு மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இளமை திரும்பிக் கடைக்கு வருவதன் இரகசியம் இதுவே.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எச்.எம்.வி. நிறுவனத்தின் நெடுந்தட்டாக வெளிவந்தது. அதைத் தட்டாக வாங்கிய குடும்பம் பின்னர் கேசட்டாக வாங்கிற்று. கேசட்டின் நாடா டேப்ரிக்கார்டரில் சிக்கிக் குடல்போல வெளியே வந்தபோது குறுந்தகடாக வாங்கிற்று. குறுந்தகட்டில் கீறல் விழுந்ததும் பென்டிரைவில் ஏற்றி வாங்கிற்று. 2017 முதல் பாடல்களை உள்ளேயே நிரப்பிய கார்வான் போன்ற பெட்டிகள் வரத் தொடங்கியதும், பாட்டியின் பெயரைச் சொல்லி அதையும் வாங்கிற்று. ஐந்து முறை விலை கொடுக்கப்பட்ட போதிலும் பெருமாள் துயிலெழும் நேரம் ஒரு நிமிடமேனும் முன்னேறியதாகத் தெரியவில்லை.

இத்தகைய செலவு பயனுள்ளதா என்னும் வினாவை மிகுந்த சூட்டோடு விவாதிப்பவர்கள் ஜாஸ் ரசிகர்கள். நம் மனோதர்ம சங்கீதத்தைப் போலவே அந்தந்த வேளையில் எழும் கற்பனையையே உயிராகக் கொண்டது ஜாஸ் என்பதால், அங்கும் ஒரு நாள் வாசித்ததை மறுநாள் வாசிக்க இயலாது; ஆகவே பதிவே சாசனமாகிவிடுகிறது. மறுமெருகுக்குச் சாதகமான வலுவான சான்றும் அங்கிருந்தே கிடைக்கிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு 1959-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூயார்க்கில் பதிவானபோது, முதல் அமர்வில் பயன்பட்ட நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியமையால், அந்நாடா சரியான வேகத்தில் ஓடும்போது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி சிறிது ஏறியே ஒலித்தன. இப்பிழை 1992-ஆம் ஆண்டின் மறுபதிப்பில்தான் திருத்தம் பெற்றது. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் அத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய டிரம்பெட் மாணவர்கள் தங்கள் வாத்தியத்தின் மீதும், பின்னர்த் தங்கள் காதின் மீதும், இறுதியில் தங்கள் ஆசிரியர் மீதும் ஐயம் கொண்டிருக்கக்கூடும்.

தமிழகத்து அரக்குத் தட்டுகளிலும் இத்தகைய வேகப் பிழை உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது அக்காலத்தில் ஓரளவு மரியாதைக்காகச் சொல்லப்பட்ட கணக்கு; 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓடவிட்டால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்த நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று தட்டை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு திண்ணையில் வாதிடும் இருவருள், ஒருவர் கிட்டப்பாவையும் மற்றவர் கிராமபோனின் சுருள்வில்லையும் புகழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வேகத்தை ஆராய்ந்து திருத்திய பதிப்பு எதுவாயினும் அது விலைக்குத் தகுந்ததே.

இனி இரைச்சல் நீக்கத்தைக் காண்போம். அரக்கோடு கல்தூளும் கலந்து செய்யப்பட்டமையால் பழைய தட்டுகளில் ஊசி ஓடும்போது சரசரப்பு எழுவது இயல்பு. இதைத் துடைக்க வந்த கணினி நிரல்கள் செய்வது, கோயில் திருப்பணியில் கருங்கல்லின் எண்ணெய்ப் பிசுக்கை மணல் வீச்சுக் கருவியால் அகற்றியவர்கள் செய்ததை ஒத்தது: பிசுக்கு போயிற்று, கூடவே கல்வெட்டும் போயிற்று. நாகசுர மேதை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் சீவாளியின் மீது மோதும் மூச்சும் சரசரப்பு வாழும் அதே அதிர்வெண்களில்தான் வாழ்கிறது. ஒன்றைக் காலிசெய்யச் சொன்னால் இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. எஞ்சுவது தூய்மையான தோடிதான் எனினும், அதை வாசித்தவர் மூச்சு விடாமலேயே வாசித்தார் என்று வருங்கால ஆய்வாளர் முடிவுகட்ட இடமுண்டு.

மற்றொரு தீங்கு, மென்மையான இடங்களை உயர்த்தியும் உரத்த இடங்களை அமுக்கியும் எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்துவது. குறுந்தகட்டுக்கு 96 டெசிபெல் அளவுக்கு ஏற்றத்தாழ்வைத் தாங்கும் வலிமை உண்டு. அத்தனை படிகள் கொண்ட மாடத்தை வாங்கியவர்கள் மேல்மாடியில் மட்டுமே குடியிருக்கிறார்கள். இதற்கு மாறாக, பதிவு செய்தவரே மெருகேற்றினால் வழக்கு தீர்ந்துவிடும் என்று கருதுவதும் பேதைமை. ப்ளூ நோட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜாஸ் பதிவுகளைச் செய்த ரூடி வான் கெல்டர் முதுமையில் அவற்றைத் தாமே மறுமெருகு செய்து வெளியிட்டபோது, அவருடைய பதிவுகளை அவரைவிடத் தாங்களே நன்கு அறிந்திருப்பதாக நம்பிய ரசிகர்கள் குறைவில்லை.

அந்நம்பிக்கை 2022-இல் ஒரு சோதனையைச் சந்தித்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட உயர்விலைத் தட்டுகள் டிஜிட்டல் கலப்பின்றி மூலநாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்று எண்ணி, அவற்றின் கதகதப்பைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து வந்தவர்களுக்கு, 2011 முதலே அவற்றுள் பல டிஜிட்டல் படியின் வழியாக வந்தவை என்பது அவ்வாண்டில் தெரியவந்தது. வழக்கு தொடுக்கப்பட்டு, இழப்பீட்டுடன் சமரசமும் ஆயிற்று. பதினோராண்டுக் காலம் அவ்வேறுபாட்டைக் கண்டுபிடிக்காத காதுகளுக்குத் தனியே இழப்பீடு ஏதும் வழங்கப்படவில்லை.

இவ்வளவையும் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் வைத்துச் சோதித்தல் தகும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் அமைந்த இவ்வூர், அருணகிரிநாதருக்கு உரிய தலத்தின் ஒரு பகுதி ஆதலால், 1964-ஆம் ஆண்டின் ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘முத்தைத்தரு’ இங்கே உள்ளூர்ப் பாட்டாகவே கருதப்படத்தக்கது. பௌர்ணமி இரவில் ஒரு கடையில் அப்பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையில் அது பாதியிலிருந்து தொடங்கிவிட, இரண்டுக்கும் நடுவே கரும்புச்சாறு இயந்திரம் தாளம் போடுகிறது. கூம்பு ஒலிபெருக்கி நடுத்தர அதிர்வெண்களைத் தவிர மற்றெதையும் மதிப்பதில்லை. ஆதலால் விலையுயர்ந்த மறுமெருகுப் பதிப்பும், பத்துக் கைமாறிய கேசட் படியும் அதன் வாயிலிருந்து ஒரே குரலில் வெளிப்படுகின்றன. சமத்துவம் இவ்வளவு உரக்க நிலைநாட்டப்பட்ட இடம் வேறில்லை.

ஊர் அடங்கிய வேளையில் நல்ல ஹெட்ஃபோனோடு வீட்டில் அமரும் ரசிகரின் நிலையும் ஆராயத்தக்கது. மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும் என்று பாடநூல் கூறினும், அகவை ஐம்பதைக் கடந்தவர்க்கு மேல்தட்டு அதிர்வெண்கள் மங்கிவிடுகின்றன. உயர்தரப் பதிப்பை வாங்கப் பணம் சேரும் வயதும், அதன் உயர்தரம் கேட்காமற்போகும் வயதும் ஒன்றாகவே அமைந்திருப்பதை இயற்கையின் சிக்கன நடவடிக்கை என்று கொள்ளலாம். எஞ்சிய செவிப்புலனைக் கிரிவலப் பாதையோரத்து மயில்கள் கவனித்துக்கொள்கின்றன.

எனவே வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, இப்பதிப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே. 2008 ஜூன் மாதம் ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூண்ட தீயில் ஜான் கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் மேதைகளின் மூலநாடாக்களும் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது. தமிழகத்தின் பழைய தட்டுகள் பலவற்றுக்குச் சேகரிப்பாளரின் அலமாரியில் தேய்ந்து கிடக்கும் தட்டே எஞ்சிய மூலம். மூலம் இன்னது, திருத்தியவர் இன்னார், திருத்திய பிழை இன்னது என்று உறை சொல்லுமாயின் பதிப்பு வாங்கத்தக்கது. முன்பு வெளிவராத உருப்படி இருப்பின் ஐயமின்றி வாங்கத்தக்கது. ‘புத்தம் புதிய துல்லிய ஒலி’ என்று மட்டும் சொல்லுமாயின், அப்பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினால் வீட்டிலுள்ள தட்டுகள் அனைத்தும் ஒரே நாளில் மறுமெருகு பெற்றுவிடும். ஆறாம் பதிப்பின் அறிவிப்பு வரும்வரை இம்முடிவைப் பின்பற்றுவதில் எந்த ரசிகருக்கும் சிரமம் இராது.