312 சுப்பிரமணியம்

ஒன்டாரியோவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு ராட்சதப் பூசணிக்கொடிக்குத்தான் இடம். துணி உலர்த்தும் கம்பத்தைப் பிடுங்கிய பிறகும் (அதற்காக நடந்த பேச்சுவார்த்தையை வெளியிட எனக்கு அனுமதியில்லை) இன்னொன்றுக்கு இடம் வரவில்லை. ஆக, குளிர்காலம் முழுக்க நான் செய்த ஒரே வேலை, ஒரு விதையைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு விதைக்கு இத்தனை யோசனையா? கும்பகோணத்தில் பாட்டி பரங்கிக்காய் நறுக்கி, குடலை வழித்துக் குப்பையில் எறிவாள். அது தானாக முளைத்துக் கூரையேறிக் காய்க்கும். யாரும் அதன் குலம் கோத்திரம் கேட்டதில்லை. இங்கே அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

விதை உறையின்மேல் எழுதியிருப்பது பெயரல்ல, ஒரு வம்சாவளி. அது கிடந்த காயின் எடை பவுண்டில், வளர்த்தவரின் குடும்பப் பெயர், வருடம். பிறகு தாய், ஒரு பெருக்கல் குறி, தந்தை. '2009 வாலஸ்' என்பதை முதலில் பார்த்தபோது பழைய சரக்கு என்று தள்ளிவிட்டேன். 2009 வருடமல்ல, எடை! ரான் வாலஸ் 2012இல் மாசசூசெட்ஸின் டாப்ஸ்ஃபீல்ட் சந்தையில் தராசில் ஏற்றிய காய் அது. 2000 பவுண்டைத் தாண்டிய உலகின் முதல் பூசணி. பேர்போன காய்களின் விதை ஒன்றே ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். காலாவதித் தேதி பார்க்கும் பழக்கம் என்னை அன்று மளிகைக் கடைக்காரனாக்கிவிட்டது.

இந்த வம்சத்தின் மூலபுருஷர் கனடாக்காரர்தான். நோவா ஸ்கோஷியாவின் விண்ட்சர் ஊர் விவசாயி ஹவர்ட் டில். 'அட்லாண்டிக் ஜயன்ட்' ரகத்தை உருவாக்கி, 1981இல் 493.5 பவுண்டுக் காயோடு உலக சாதனை செய்தார். இன்று அந்த எடையோடு போனால் வண்டி நிறுத்தக்கூட இடம் தரமாட்டார்கள். 2023இல் மினசோட்டாவின் டிராவிஸ் கீங்கர் 2749 பவுண்டு. 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டையர்கள் 2819. ஏறத்தாழ ஒரு சின்னக் கார். விண்ட்சரில் இந்தக் காய்களைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து, ஏரியில் துடுப்புப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள்.

எனக்கு எடையாசை இல்லை. நிறம்தான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. போட்டிகளில் மிக அழகான காய்க்கு ஹவர்ட் டில் பெயரிலேயே ஒரு பரிசு உண்டு, அது போதும். சிக்கல் என்னவென்றால், எடைக்குப் பேர்போன குடும்பங்களில் பல வெளுத்தவை. நம் கல்யாணச் சந்தையில் 'பையன் நல்ல கலர்' என்றால் வெளுப்பு என்று பொருள். இங்கே அதே வார்த்தைக்கு நேர் எதிர்ப் பொருள். நிறத்துக்குப் பேர்போனவையும் உண்டு, '1385 ஜூட்ராஸ்' மாதிரி. அதனால் நிறக் குடும்பத்தையும் எடைக் குடும்பத்தையும் சம்பந்தம் பண்ணிவைத்துப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு கலப்பில் வந்த விதையை இங்கே ஒரு பெரியவர் எனக்குச் சும்மாவே கொடுத்தார். ஏலம் ஒரு பக்கம் நடந்தாலும், தபால் உறையில் விதை போட்டு முன்பின் தெரியாதவனுக்கு அனுப்பும் தாராளமும் இந்த உலகத்தில் நிறைய உண்டு.

ஈரோட்டுக்காரியான மனைவி உறையை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, ஒரு அரசாணிக்காய்க்கு இத்தனை தாத்தா பாட்டியா? நம்ம கல்யாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கலையே." விசாரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது போன்ற ஒரு மௌனம். அதற்குள் நான் அவளுடைய நக ராவியை எடுத்து விதையின் ஓரத்தை ராவத் தொடங்கியிருந்தேன். தடித்த தோல், ராவினால்தான் தண்ணீர் சுலபமாக இறங்கும். மௌனம் முடிந்துவிட்டது.

கொடி ஓடியது. ஜூலையில் பெண்பூ மொட்டுக் கட்டியது. முறைப்படி, முந்தின சாயங்காலமே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மூடிக் கட்டவேண்டும். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவி, மறுபடி மூடவேண்டும். அப்போதுதான் தந்தை இன்னார் என்று எழுதலாம். அன்று ராத்திரி ஊரிலிருந்து வந்த போன் நீண்டது. மொட்டைக் கட்ட மறந்தேன், காலையில் தூங்கியும் போனேன். எழுந்து ஓடினால் பூவுக்குள்ளிருந்து ஒரு தேனீ, உடம்பெல்லாம் மஞ்சளாக, நிதானமாக வெளியே வந்தது.

அதனால் காய்க்கு ஒன்றும் குறைவில்லை. காயின் சதையும் தோலும் நிறமும் முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. வந்த மகரந்தம் யாருடையது என்பது உள்ளே இருக்கும் விதைக்குத்தான் தெரியும், அதுவும் அடுத்த வருடம்தான் வாயைத் திறக்கும். 'விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா' என்று கேட்ட முன்னோர் பூசணிப் பூவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை போலும்.

ஆகவே நிறத்துக்குத் தேனீயைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஆகஸ்டில் காய் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய வேட்டி நிறத்தில் இருந்தது. செப்டம்பரில் வேட்டி இன்னும் கொஞ்சம் வெளுத்தது. எடைக் குடும்பத்தின் நிறமும் நிறக் குடும்பத்தின் எடையும் என் கொல்லையில் கைகோத்திருந்தன. அக்டோபரில் நாலு பேர் தூக்கித் தராசில் வைத்தோம். 312 பவுண்டு. அழகுப் பரிசு மேசையை என் காய் கடந்து சென்றது, வண்டியில்.

ஆனாலும் விதை கேட்டு ஒருவர் வந்தார். உறையில் எழுத உட்கார்ந்தேன். எடை 312. குடும்பப் பெயர்? ஊரில் 'சு' என்ற ஒற்றை எழுத்தாக ஒடுங்கியிருந்த அப்பா, நான் விமானம் ஏறியதும் குடும்பப் பெயராக விரிந்துவிட்டார். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் 'மிஸ்டர் சுப்பிரமணியம்'. எழுதினேன்: 312 சுப்பிரமணியம் 2025. பெருக்கல் குறிக்குப் பிறகு, தந்தையின் இடத்தில், வழக்கப்படி 'ஓப்பன்'. வந்து போனது யாரோ என்று அர்த்தம்.

சாம்பாரில் பரங்கிக்காய் விழுந்தால் இலையின் ஓரத்துக்கு நாடு கடத்துகிறவர் அப்பா. விஷயத்தைப் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஏண்டா, அப்பன் பேர் தெரியாத விதைக்கு என் பேரா கிடைச்சுது?"