அறுந்து அறுந்து வரும் வைஃபை

கேள்வி: மாடியில் நெட் வரவில்லை என்று மூன்று பெட்டி மெஷ் வாங்கி மாட்டினேன். இப்போது நெட் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. வராமலே இருந்த காலத்தில் வீட்டில் சண்டையாவது இல்லாமல் இருந்தது. நாலாவது பெட்டி வாங்கினால் சரியாகுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். நாலாவது பெட்டி வந்தால் அறுவதற்கு இன்னோர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் நெட் மூன்று கை மாறி வருகிறது. தெருவிலிருந்து மெயின் பெட்டிக்கு, மெயினிலிருந்து மாடிப் பெட்டிக்கு, அங்கிருந்து உங்கள் போனுக்கு. எந்தக் கை நழுவவிடுகிறது என்று தெரிவதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறங்கள். ஒன்றில் உங்கள் ராவுட்டரின், அதாவது மெயின் பெட்டியின், முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1, சில வீடுகளில் 192.168.0.1) பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை) நிற்காமல் ஓடவிடுங்கள். இன்னொன்றில் 8.8.8.8-க்கு, அது வீட்டுக்கு வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. நெட் அறும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ராவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, வெளி முகவரி மட்டும் வாயை மூடிக்கொண்டால் உங்கள் மெஷ் நிரபராதி. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு நெட் கம்பெனிக்கு போன் போடுங்கள். ராவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். அப்போது லேப்டாப்பை மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இதையே மறுபடி செய்யுங்கள். கீழே அசையாமல் ஓடி, மாடியில் மட்டும் அறுந்தால் வில்லங்கம் இரண்டு பெட்டிக்கும் நடுவில்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதுதான் என்று தோன்றுகிறது. நெட் வராத அறை எதுவோ, அதே அறையில் பெட்டியை வைத்திருப்பீர்கள். போனுக்கு எட்டாத சிக்னல் பெட்டிக்கு மட்டும் எப்படி எட்டும்? போனில் கோடு முழுசாகத்தான் காட்டும். அது போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள உறவு. அந்தப் பெட்டிக்கும் கீழே இருப்பதற்கும் உள்ள உறவு மெஷ்ஷின் ஆப்பில் தெரியும். அங்கே சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம் அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் அறுவதில் ஆச்சரியமே இல்லை.

நம் வீட்டுத் தளங்கள் கம்பி கட்டி கான்க்ரீட் போட்டவை. அலை அதைத் துளைத்து ஏறப் படாத பாடு படும். படிக்கட்டு திறப்புதான் அதற்கு ராஜபாட்டை. மாடிப் பெட்டி ஒன்றைப் படிக்கட்டு முடியும் இடத்தில், தோள் உயரத்தில் வையுங்கள். அடுத்த பெட்டியையும் முடிந்தவரை மெயினுக்கு நேராகப் பேசும்படி நகர்த்துங்கள். ஒன்றின் வாலை ஒன்று பிடித்தால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறையும். ஒரு சமயத்தில் ஒரே பெட்டியை நகர்த்துங்கள், ஒருநாள் விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் மகளோடு பேசிக்கொண்டே மாடி ஏறினால், பாதிப் படியில் "கேக்குதா? கேக்குதா?" என்று ஆரம்பித்துவிடுகிறது. வெளிநாட்டிலிருக்கிற பிள்ளையிடம் பேசுவதே வாரத்துக்கு ஒருமுறை. (மதுரை அம்மா)

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் இந்த வாரம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் அம்மா. எந்தப் பெட்டியைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவெடுப்பது போன். மெஷ் யோசனை சொல்லலாம், கட்டாயப்படுத்தினால் கனெக்‌ஷனையே துண்டிக்க வேண்டியிருக்கும். உதாரணமாக ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும். நீங்கள் ஐந்து படி ஏறியும் அது கீழ்ப் பெட்டியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். ஃபைபர் போட வந்தவர் வைத்துவிட்டுப் போன மோடத்தின் சொந்த வைஃபை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? பல வீடுகளில் ஓடும். அது மெஷ் கூட்டத்தில் சேராதது. போன் அதற்குத் தாவினால் பேச்சு அறுந்தே தீரும். அதன் வைஃபையை அணையுங்கள். முடிந்தால் நெட் கம்பெனியைக் கூப்பிட்டு மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். வீட்டில் ஐபி முகவரி கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆப்பில் 'ஃபாஸ்ட் ரோமிங்' இருந்தால் போடுங்கள். பெட்டி மாறும்போது முழு அடையாளச் சோதனையை முதலிலிருந்து நடத்தாமல் சுருக்கமாக முடிக்கும் ஏற்பாடு அது. 2008-லேயே தரநிலையாக வந்துவிட்டது. பழைய பிரிண்டர் ஏதாவது அதோடு கோபித்துக்கொண்டு இணைய மறுத்தால் அணைத்துவிடலாம். அலையின் பலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் கீழ்ப் பெட்டியில் ஒரு படி குறையுங்கள். போன் சீக்கிரமே கையை விடும். மகளின் குரலும் அறாது.

கேள்வி: மைக்ரோவேவில் சாதம் சூடு பண்ணினால் நெட் நிற்கிறது. பிரமையா?

பதில்: இல்லை. அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைக்காரர்கள். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், பெட்டியைச் சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். பீரோவுக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்களும் இதோடு எடுத்துவிடுங்கள். இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் குடித்துவிடும்.

கேள்வி: ஐந்து நிமிஷ கரண்ட் கட்டுக்குக்கூட இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் மெஷ் எழுந்து நிற்கக் கால் மணி நேரம் ஆகிறதே? (திருநெல்வேலி)

பதில்: இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் விளக்கு லேசாகத் துடிக்கும், பெட்டி செத்துப் பிழைக்கும். பிறகு மெயின் எழ வேண்டும், மற்றவை அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். மாறும் நேரம் குறையும். போதவில்லை என்றால் ராவுட்டருக்கென்றே விற்கும் குட்டி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், ஃபைபர் மோடத்தையும் மறக்காதீர்கள். கரண்ட் போகாமலே ஒரு பெட்டி மட்டும் அணைந்து எழுந்தால், ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளின் அடாப்டரை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். வியாதி அடாப்டரோடு நகர்ந்தால் மாற்ற வேண்டியது அடாப்டரைத்தான்.

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் திடீரென்று பட்டியலிலிருந்தே மறைந்து, ஒரு நிமிஷம் கழித்து வருகிறது. (சென்னை)

பதில்: சானல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை என்றால் அந்த இடம் ரேடாருக்கும் சொந்தம். ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ராவுட்டர் உடனே காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதே வகைப் புதுச் சானலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காதைக் கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ரேடார் இல்லாமலே மிரண்டு ஓடும் பெட்டிகளும் உண்டு. 36 முதல் 48-க்குள் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்குக் கரண்ட் பைப் பதிக்கப் போகிறார்கள். மெஷ் வாங்கினால் நெட்டுக்கு வயர் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். (கோயம்புத்தூர்)

பதில்: சுவர் பூசுவதற்கு முன்னால் என் பேச்சைக் கேளுங்கள்: இழுத்துவிடுங்கள். வயர் இல்லாமல் ஓடும் மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதற்கும் உங்களிடம் பேசுவதற்கும் அதே அலையைப் பங்கு போட வேண்டியிருக்கும். இரண்டு அலைவரிசை மட்டுமே உள்ள பெட்டிகளில் மாடியில் பாதி வேகம் கிடைத்தாலே நல்ல விஷயம். வயர் இருந்தால் அந்த அலை முழுக்க உங்களுக்கு.

தளத்துக்கு ஒன்றாவது கேட் 6 வயர், கரண்ட் வயரோடு சேராத தனிப் பைப்பில். முனையில் கனெக்டர் போடும்போது கூடவே நில்லுங்கள். எட்டு இழைகளும் ஒழுங்கான நிற வரிசையில் நுனிவரை போய் முட்டியிருக்கிறதா என்று கண்ணாடிபோல் தெரியும் அந்தக் கனெக்டரின் முகத்தில் பாருங்கள். ஒன்று குட்டையாக நின்றுவிட்டால்கூட 1000 எம்பிபிஎஸ் போகவேண்டிய வயர் 100-இல் நின்றுவிடலாம், இல்லையென்றால் அடிக்கடி விட்டு விட்டு ஓடும். பூசிய பிறகு கண்டுபிடித்தால் சுவரைத்தான் குறை சொல்வீர்கள். மெயின் பெட்டியிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு வயர். மிச்சம் கிடக்கும் முனையைச் சும்மா இருக்கிறதே என்று சுவிட்சிலேயே திரும்பச் செருகிவிடாதீர்கள். செய்தி வட்டமடித்து வீடு முழுக்க நெட் படுத்துவிடும்.