மாடு மரம் ஏறாது

கேமரா வருவதற்கு முன்னால் பறவையைப் படமாக்க வேண்டுமென்றால் முதல் வேலை அதைச் சுட்டுத் தள்ளுவதுதான். அமெரிக்கப் பறவைகளைப் பெரிய பெரிய தாளில் வரைந்து அமரத்துவம் பெற்ற ஜான் ஜேம்ஸ் ஆடுபானும் அந்த ரகம். சுடுவார், கம்பி கோத்து நிமிர்த்துவார், வரைவார். அசையாமல் இருப்பது பறவையின் பொறுப்பு. செத்த பிறகு அதுவும் நன்றாகவே ஒத்துழைத்தது.

ஒரே ஒரு பொன்னாங்கழுகு மட்டும் முரண்டு பிடித்தது. 1833-ல் பாஸ்டன் நகரில் அதை உயிரோடு விலைக்கு வாங்கினார் ஆடுபான். இறகு கெடாமல் சாக வேண்டுமே! அடைத்து வைத்துக் கரிப்புகை போட்டார். மணிக்கணக்கில் காத்திருந்து திறந்து பார்த்தால், கழுகு அவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்து கந்தகத்தையும் சேர்த்தார். புகை தாங்காமல் வீட்டுக்காரர்கள் வெளியேறும் நிலை வந்ததே தவிர, கழுகு அசையவில்லை. கடைசியில் கூரிய இரும்பை நெஞ்சில் பாய்ச்சித்தான் கதையை முடித்தார். படம் முடிகிற சமயத்தில் ஓவியரும் நோயில் விழுந்தார். எந்தப் பாட்டியைக் கேட்டாலும் காரணம் சொல்லியிருப்பாள்.

கேமரா வந்ததும் எல்லாம் தலைகீழ். உயிருள்ள பறவையை அதன் கூட்டிலேயே எடுப்பதுதான் பெருமை என்றாகி, அசையாமல் உட்காரும் வேலை மனிதன் தலையில் விடிந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்ட், செர்ரி என்ற கியர்ட்டன் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாடம் செய்த மாடு. வயிறு காலி, தோலில் ஓட்டை, ஓட்டையில் லென்ஸ், உள்ளே குனிந்தபடி அண்ணன் ரிச்சர்ட். சின்ன வயதிலேயே இடுப்பில் அடிபட்டு நொண்டி நடந்தவர் அவர். ஒருநாள் மணிக்கணக்கில் நின்று நின்று உள்ளேயே மயங்கிவிட்டார். மாடு சாய்ந்து நாலு காலையும் வானத்துக்குக் காட்டியது. தம்பி செர்ரி அந்தக் கோலத்தையும் ஒரு படம் எடுத்து வைத்தார். தொழில் பக்தி!

தரையில் கூடு கட்டும் சின்னப் பறவைகளுக்குச் சரி, கழுகு, ஆந்தை வகையறாவுக்கு இந்த வேஷம் உதவாது. அவை மரத்துச்சியிலும் பாறை இடுக்கிலும் குடியிருக்கின்றன. மாடு மரம் ஏறாது. அதனால் கோபுரம் கட்டி, உச்சியில் கூடாரம் அடித்து, உள்ளே ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பேராகப் போவார்கள், ஒருவர் உள்ளே தங்கிவிட, மற்றவர் பறவை பார்க்கும்படி இறங்கி நடப்பார். பறவைக்குக் கணக்கு வராது. ஆள் போயாச்சு என்று முடிவுகட்டிவிடும். உள்ளே இருப்பவர் தும்மக்கூடாது, இருமக்கூடாது, கால் மரத்தாலும் மாற்றிப் போடக்கூடாது. இறங்கிப் போனவர் எங்கோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு செய்தும் அதிர்ஷ்டம் கை கொடுக்க வேண்டும். ஒஹையோ மாநிலத்து வெர்மிலியனில் பேராசிரியர் பிரான்சிஸ் ஹெரிக் வெண்தலைக் கழுகுக் கூட்டுக்கு எதிரே இரும்புக் கோபுரமே எழுப்பினார். கழுகுகள் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குச்சி சேர்த்ததில் அந்தக் கூடு ஏறத்தாழ இரண்டு டன் எடைக்கு வந்திருந்தது. 1925-ல் ஒரு புயலில் மரம் சாய்ந்தது, கூடும் போயிற்று. பேராசிரியர் அடுத்த கூட்டைத் தேடிப் போனார்.

பறவைப் படக்காரர் எரிக் ஹோஸ்கிங்குக்கு அதிர்ஷ்டம் வந்த விதம் இன்னும் விசேஷம். 1937 மே மாதம், வேல்ஸ். குஞ்சுக் காலத்தில் டானி ஆந்தை எவரையும் தாக்கும் என்று தெரிந்தே இருட்டில் தன் மறைவிடத்துக்கு ஏறினார். ஆந்தைச் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை உண்டு. அது காற்றை நறுக்கிச் சத்தத்தை அடக்கிவிடும். ஆகவே எச்சரிக்கை மணி எதுவும் இல்லை. முகத்தில் ஒரு அறை, இடது கண்ணுக்குள் ஒரு நகம், அவ்வளவுதான். லண்டனுக்குக் கொண்டு போனார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம். புண்ணில் சீழ் வைத்தது. அந்தக் கண்ணை எடுக்காவிட்டால் மற்றதும் போகலாம் என்றார்கள். எடுக்கச் சொல்லிவிட்டார்.

அதுவரை அவருடைய படங்களைத் தேடி வராத பத்திரிகைகளெல்லாம் இப்போது வந்தன. கண்ணை இழந்த பறவைப் படக்காரர் என்றால் சும்மாவா? ஆந்தையின் ஒரே ஒரு அறை, வருஷக்கணக்கில் கூடாரத்தில் குந்தியிருந்தது தராத விளம்பரத்தைத் தந்துவிட்டது. மனுஷன் குணமானதும் மறுபடி ஆந்தைக் கூடுகளைத் தேடித்தான் போனார். 1948-ல் எடுத்த ஒரு படத்தில் கூகை ஒன்று இரண்டு சிறகையும் அகல விரித்து, அலகில் எலியைக் கவ்வியபடி, ராஜமுத்திரையில் பொறித்த மாதிரி நிற்கிறது. ஒற்றைக் கண்ணில் பார்த்து எடுத்தது. 1970-ல் வந்த சுயசரிதைக்கு ‘ஆன் ஐ ஃபார் எ பேர்ட்’ என்று கூசாமல் பெயர் வைத்தார். ராயல்டியில் பங்கு கேட்டு ஆந்தைத் தரப்பிலிருந்து நோட்டீஸ் எதுவும் வரவில்லை.