விறகு பிளக்கும் பழைய மெஷினும் கைக்கிளைத் திணையும்: ஓர் ஆய்வு

பழைய விறகு பிளக்கும் மெஷினை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி பொருளாதாரத்தைச் சேர்ந்தது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. வாங்க நினைப்பவர் உருகுகிறார், ராத்திரியில் எழுந்து கணக்குப் போடுகிறார். மெஷினோ யாரைப் பற்றியும் கவலையின்றித் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே நிற்கும் இப்படிப்பட்ட காதலைக் கைக்கிளை என்று நம் இலக்கணத்தார் என்றைக்கோ பெயரிட்டுவிட்டார்கள். காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்று அதற்கு நான்கு படிகளையும் நாற்கவிராச நம்பி வகுத்துவைத்தார். அவர் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பார்த்ததில்லை என்பது நூலுக்குக் குற்றமாகாது.

இத்திணைக்கு நிலம், வெர்மான்ட், மெய்ன், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி ஆகியன. பொழுது இலையுதிர்காலம். கருப்பொருள், வாசலில் குவிந்து கிடக்கும் ஆஷ் மரக் கட்டை. அது எப்படி அங்கே வந்தது என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு தடயம் உண்டு. எதிரே நிற்பவள் தெய்வமகளா மானுடப் பெண்ணா என்று மயங்கும் தலைவனுக்கு ஐயம் தீர்க்கும் அடையாளங்களை அடுக்கும்போது, தொல்காப்பியர் வண்டிலிருந்துதான் தொடங்குகிறார். நமக்கும் வண்டுதான் தொடக்கம். ஆசியாவிலிருந்து வந்துசேர்ந்த மரகதப்பச்சை வண்டு ஒன்றை 2002இல் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போய், மரத்துக்கு நீரும் உணவும் ஓடும் வழியை அறுத்துவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. பட்ட மரத்தை வெட்டாமல் விட முடியாது. வெட்டியதை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது: விறகோடு வண்டும் பயணம் போய்விடும் என்பதால், சூட்டில் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு அப்பால் எடுத்துச் செல்ல நியூயார்க் மாநிலத்தில் தடை. ஆக, கட்டை வாசலிலேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் கோடரியை ஒரு பார்வை பார்க்கிறார். அப்புறம் தம் முதுகெலும்பை நினைத்துக்கொள்கிறார்.

காட்சியைச் சுருக்கமாக முடிக்கலாம். சாலையோரப் புல்தரையில், விலை எழுதிய அட்டையோடு நிற்கும் எந்த மெஷினும் அழகுதான். புதுப் பெயிண்ட் அடித்தது இன்னும் அழகு. அந்தப் பெயிண்டுக்குக் கீழே என்ன வெல்டிங் ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர் கைக்கிளைக்குத் தகுதியற்றவர். ஆனால் பணம் தப்பும்.

ஐயம், ஸ்டிக்கரில் பிறக்கிறது. “27 டன்” என்று அதில் இருக்கும். தள்ளும் பலம் என்பது பிஸ்டனின் பரப்பை எண்ணெயின் அழுத்தத்தால் பெருக்கினால் வருவது. வேறு மந்திரம் கிடையாது. சிலிண்டரை டேப்பால் அளந்தால் நாலரை அங்குலம் காட்டும். குழாயின் கனத்தைக் கழித்தால் உள்விட்டம் 4 அங்குலம். அதன் பரப்பு 12.57 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு அழுத்தம் என்றால் மொத்தம் சுமார் 31,400 பவுண்டு. அமெரிக்க டன்னுக்கு 2,000 பவுண்டு, ஆகவே 15.7 டன். அழுத்தத்தை 3,000 ஆக்கினாலும் 19 டன் முழுசாகத் தேறாது. மீதி 8 டன்னை ஸ்டிக்கர் ஒட்டியவர் பக்கத்தில் நின்று கையால் தள்ளுவார் போலும். இதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. ஆஷுக்கு 15 டன் தாராளம். எல்ம் மரம்தான் வம்பு பிடித்தது. அது பிளக்காது, தேங்காய் மட்டை மாதிரி நார்நாராகக் கிழியும்.

துணிவு என்ற படியில்தான் ஆய்வாளர் சட்டைக் கையை மடக்க வேண்டும். கண் இமைத்தால், சூடிய பூ வாடியிருந்தால் அவள் மானுடப் பெண்ணே என்று தலைவன் தேறுவான். மெஷினுக்கு அந்த இமைப்பு எண்ணெய்க் கசிவு. கொஞ்சம் கசிந்தால் அதுவும் நம்மைப் போன்ற பிறவிதான் என்று தேறலாம். சொட்டுக்கூடக் கசியாவிட்டால் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கருகிய வாடை அடித்தால் அளவுக்கு மேல் சூடு கண்டது. பளபளக்கும் பிஸ்டன் தண்டில் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டும்படி கீறல் இருந்தால், தண்டு போய்வரும் ஒவ்வொரு முறையும் அது எண்ணெய் சீல் வளையத்தை அறுக்கும். இஞ்சினையும் தொட்டுப் பாருங்கள். நீங்கள் போய் இறங்கும்போதே சூடாக இருந்தால், உரிமையாளர் முன்னாலேயே கயிற்றை இழுத்து இழுத்துக் கிளப்பிவைத்திருக்கிறார் என்பது பெற்றாம்.

இனிக் கட்டை. உரிமையாளர் சோதனைக்கென்று ஒன்றைத் தனியே எடுத்துவைத்திருப்பார். நேரான, முடிச்சில்லாத கட்டை. முறைத்துப் பார்த்தாலே அது இரண்டாகும். அதை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, முடிச்சுள்ள ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இந்த மெஷின்களில் பம்புக்கு இரண்டு நிலை உண்டு: கட்டையைத் தொடும்வரை எண்ணெயை அதிகமாக அனுப்பி வேகமாகத் தள்ளும், எதிர்ப்பு வந்ததும் எண்ணெயைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும். அந்த நொடியில் தண்டு மெதுவாகும், இஞ்சினின் குரல் கனக்கும், கட்டை படாரென்று விடும். குரல் கனத்து இஞ்சினே அணைந்துபோனாலோ, தண்டு பாதியில் நின்று சீறிக்கொண்டிருந்தாலோ, வணக்கம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புக.

இத்துறையின் பழைய விபத்து அறிக்கை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. பாதி பிளந்த மரத்தில் தச்சன் செருகிவைத்த ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கு எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. இன்றைய மெஷினில் கைப்பிடியை விட்டதும் ஆப்பை நோக்கிப் போகும் தண்டு நிற்க வேண்டும். அந்தக் கைப்பிடியைக் கம்பியால் கட்டி நிரந்தரமாக அழுத்திவைத்திருக்கும் மேதைகளும் உளர். அதைக் கண்டால் விலை கேட்கவே வேண்டாம்.

குறிப்பறிதல்: மெஷினுக்குக் கண் இல்லாததால் உரிமையாளரின் கண்ணைப் பார்க்கிறோம். “ஹீட் பம்ப் போட்டுவிட்டோம்”, “தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை” என்பவை ஏற்கத்தக்க காரணங்கள். “கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணினால் போதும்” என்பது அப்படியல்ல. அவ்வளவுதான் வேலை என்றால் அவரே பண்ணி, இருநூறு டாலர் கூட்டி விற்றிருப்பார்.

வாடகைக்கு எடுத்தால் என்ன என்று மறுப்போர்க்கு விடை: அவர்கள் சொல்வதே சரி. நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கிய விறகு ஒரு கார்டு. 128 கன அடி. மெஷின் 600 டாலர், நாள் வாடகை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று கார்டு எரிப்பவருக்கு ஒரு சனி, ஞாயிறு வாடகை போதும். மூன்று குளிர்காலம் கழித்துத்தான் வாங்கியவர் அவரை எட்டிப் பிடிப்பார், அதற்குள் ஹோஸ் எதுவும் வெடிக்காவிட்டால். ஐந்து கார்டுக்கு மேல் எரிப்பவர் தாராளமாக வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

இரண்டு தரப்பாரும் அக்டோபரில் மட்டும் போய் நிற்க வேண்டாம். ஊரே குளிரை நினைத்துப் பதறும் மாதம் அது, விலை ஏறியிருக்கும். போதாக்குறைக்கு, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு ஒழுங்காக எரியும். அக்டோபரில் பிளந்த பச்சைக் கட்டை அந்தக் குளிருக்கு உதவாது. ஏப்ரலில் போங்கள், முடிச்சுக் கட்டையை நீங்களே வண்டியில் போட்டுக்கொண்டு. 50 மைலுக்குள் என்றால்.